எண்ணெய்க் காகிதம்

குந்தவையின் கன்னத்தில் எழுத்து தெரிகிறது. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறிய எழுத்து. தாளின் பின்பக்கத்துக் கதை, எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் முன்பக்கம் எட்டிப் பார்க்கிறது. வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது இறங்கிய பழைய தொகுதி அது. மூக்கருகே கொண்டுபோனேன். பழுப்பேறிய தாளின் புளித்த வாடை, பைண்டிங் பசையின் வாடை, இரண்டுக்கும் மேலே சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெய். அந்த எண்ணெய்க்கு முழுப் பொறுப்பும் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

டிரேசிங் பேப்பர் என்று ஒன்று கடையில் விற்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் யாரும் வாங்கித் தந்திருக்கப்போவதில்லை. வெள்ளைத் தாளில் தேங்காய் எண்ணெயைத் தடவி, ஒரு நாள் வெயிலில் போட்டு எடுத்தால் அடியில் இருக்கும் படம் தெரியும். அதை வைத்துக் கோட்டின் மேலேயே கோடு இழுக்கலாம். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி சொல்லிக்கொடுத்த வித்தை. ஒரு நாள் காயவைக்க வேண்டும் என்ற பகுதியை மட்டும் நான் கேட்டும் கேட்காததுபோல விட்டுவிட்டேன். ஈரத் தாளை அப்படியே குந்தவையின் முகத்தில் ஒட்டி, பென்சிலை அழுத்தி ஓட்டிக்கொண்டிருந்தபோது அத்தை வந்து நின்றார்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அத்தை புத்தகத்தை வாங்கி, குட்டிக்கூரா பவுடர் டப்பாவைத் திறந்து, கோலமாவு தூவுவதுபோல அந்தப் பக்கம் முழுக்கத் தூவினார். எண்ணெயைப் பவுடர் இழுத்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. மறுநாள் காலையில் ஊதிப் பார்த்தார். குந்தவை வாசனையாக இருந்தாள், ஆனால் எண்ணெய் போகவில்லை. அத்தை மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அந்தத் தொகுதி வீட்டுக்கு வந்த கதையை அத்தை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். தாத்தாவுக்குப் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. வேலை முடிந்து திரும்பும்போது வாரம் ஒருமுறை கையில் கல்கி இருக்கும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை வருஷம் வந்தது. அத்தைக்குப் பதினாலு வயதில் ஆரம்பித்துப் பதினெட்டில் முடிந்த கதை. தாத்தா படித்து, பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டி, பெரியப்பா படித்து, பக்கத்து வீடு கேட்டு வாங்கிப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் அத்தைக்கு முறை வரும். அதுவரை படத்தை மட்டும் பார்க்க அனுமதி உண்டு. அதனால் அத்தைக்கு ஒவ்வொரு வாரமும் படம் முதலில், கதை அப்புறம். படத்தைப் பார்த்து இந்த வாரம் என்ன நடந்திருக்கும் என்று தானே ஒரு கதை கட்டிவிடுவாராம். பல வாரங்களில் தன் கதைதான் நன்றாக இருந்தது என்பார்.

அந்த நாளில் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்வது வீட்டுக்கு வீடு நடந்த காரியம். ஊறுகாய் போடுவதுபோல அதற்கும் ஒரு பக்குவம் இருந்தது. ஊசிநூல் கோத்துத் தைத்து, மைதா பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலந்து, மேலே காலிகோ துணி ஒட்டுவார்கள். எங்கள் வீட்டுத் தொகுதிகளுக்கு அத்தையின் பழைய பாவாடைத் துணிதான் மேலட்டை. கரும்பச்சையில் சிவப்புக் கரை. இன்றைக்கும் அந்தக் கரை மங்கவில்லை.

படங்கள் மணியம் வரைந்தவை. கல்கியோடு கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளைப் பார்த்து, நகை எப்படி, கொண்டை எப்படி, உடைவாளைப் பிடிக்கிற கை எப்படி என்று கண்டுகொண்டு வரைந்தவர். நாற்பத்து நாலு வயதில், 1968-ல் காலமாகிவிட்டார். கதை மறுபடி மறுபடி அதே பத்திரிகையில் வந்தபோது வினு வரைந்தார், பத்மவாசன் வரைந்தார். என்றாலும் முதலில் பார்த்த முகம்தான் முகம் என்று ஒரு கூட்டம் இன்னும் இருக்கிறது. நானும் அந்தக் கட்சியாகத்தான் இருந்தேன். கட்சி மாறியதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் படித்த பள்ளியில் டிராயிங் மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு கலர் சாக்பீஸ். கத்தரிக்காய், பானை, கிளி, இயற்கைக் காட்சி: வருஷம் முழுக்க இவ்வளவுதான் பாடம். இயற்கைக் காட்சி என்றால் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மலை, நடுவில் பாதி சூரியன், மலையிடுக்கிலிருந்து நேராக நம்மை நோக்கி வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, நாலைந்து பறவை. எங்கள் ஊர் நெமிலிச்சேரியிலிருந்து எந்தத் திசையில் பார்த்தாலும் மலை கிடையாது. வயல், தண்டவாளம், தந்திக் கம்பம், தாண்டினால் பட்டாபிராம். இருந்தும் நாற்பது பிள்ளைகளும் நாற்பது ஜோடி மலை வரைந்தோம். ஒருத்தர்கூட ரயில் வரையவில்லை. ரயில் காட்சிதான், ஆனால் ‘இயற்கை’ இல்லையே.

ஒரு மழை நாள். கணக்கு வாத்தியார் வரவில்லை. டிராயிங் மாஸ்டர் வந்து, “இன்னிக்குக் கத்தரிக்காய் வேண்டாம். கதையில வர்ற ஆள்ல உங்களுக்கு யாரைப் பிடிக்குமோ, அவங்க முகத்தைப் போடுங்க” என்றார். வகுப்பு திகைத்துப்போனது. அதுவரை மனித முகம் வரையச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நான் குந்தவையைப் போட்டேன். எண்ணெய்க் காகித அனுபவம் கை கொடுத்தது. முன் பெஞ்சில் ஒருத்தி கண்ணகி என்று நீள முடி போட்டு, முகத்துக்கு இடம் இல்லாமல் தவித்தாள். அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனைப் போட ஆசைப்பட்டவர்கள் நாலைந்து பேர். தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு வாளோடு நடக்கும் அந்தப் படம் இல்லாத வீடு உண்டா? சங்கர் இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்த ராஜாவை நடக்கவைத்துவிட்டுத் தொண்ணூறைத் தாண்டி 2020-ல் மறைந்தார். பத்மஸ்ரீ மறு வருஷம்தான் வந்தது. ராஜாவை வரைய உட்கார்ந்த எங்கள் வகுப்புப் பையன்களுக்குப் பாதியில் ஒரு சந்தேகம். முகம் போடச் சொன்னால் எந்த முகம், ராஜாவுடையதா, முதுகில் இருப்பதனுடையதா?

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் போய்ப் பார்த்தார். வெள்ளைத் தாள். வலது ஓரத்தில் மணிக்கட்டோடு ஒரு கை. இரும்புக் கை.

“முகம் எங்கடா?”

“மாயாவி சார். கரண்ட்டைத் தொட்டுட்டாரு. தெரிய மாட்டாரு.”

முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கியதே ‘இரும்புக்கை மாயாவி’யோடுதான். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து கை மட்டும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு மாஸ்டரின் பிரம்பைப் பார்த்தது. அவர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரல்களின் மூட்டு, திருகாணி, நிழல் எல்லாம் ஒழுங்காக இருந்தன. “கைக்கு நூத்துக்கு நூறு. மயக்கம் தெளிஞ்சதும் முகத்தோட வந்து கையெழுத்துப் போடச் சொல்லு” என்றார்.

என் குந்தவையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “இது மணியம் போட்டது. நீ போட்டது எங்கே?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னபோது, “சரியாத்தானே கேட்டிருக்காரு” என்றார். பவுடர் தூவிய கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாஸ்டர்தான் பிற்பாடு என்னை கிரேடு பரீட்சைக்கு அனுப்பியவர். ஃப்ரீஹேண்ட் லோயர், ஹையர், மாடல் டிராயிங், ஜியோமெட்ரி என்று ஒவ்வொன்றாக எழுதினேன். முகத்துக்கான கணக்கை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். முதலில் முட்டை போடு. (மற்ற பாடங்களில் முட்டை வாங்கினால் அவமானம், இங்கே முட்டைதான் ஆரம்பம்.) கண், முட்டைக்குச் சரிபாதியில் இருக்கும். பிள்ளைகள் எல்லோரும் கண்ணை நெற்றியில் வைப்பார்கள், ஏனென்றால் முடி இருக்கிற இடத்தை அவர்கள் முகமாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டு கண்ணுக்கு நடுவே இன்னொரு கண் வைக்க இடம் இருக்க வேண்டும். சிற்பிகளுக்கு இதே கணக்கு வேறு பேரில் உண்டு: முகம் ஒரு தாலம், பன்னிரண்டு அங்குலம், அதை நெற்றி, மூக்கு, மூக்குக்குக் கீழே என்று மூன்று சம பங்காக வைப்பார்கள். பிறகு ஒரு விதி. மச்சமோ தழும்போ வைக்கும்போது யாருக்கு இடது என்று கேட்டுக்கொள். படத்தில் இருப்பவருக்கு இடது என்றால், பார்க்கிற நமக்கு வலது. இதைத் தவறவிடாத பிள்ளையை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

கல்யாணமாகி அம்பத்தூரில் பதினைந்து வருஷம். அப்பா போன பிறகு அத்தைக்குத் துணையாக இங்கேயே திரும்பிவிட்டோம். அத்தை நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு அத்தை அப்படி இருந்தார்கள்.

ஊர் மாறியிருந்தது. வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்கு 62 கிலோமீட்டர் அவுட்டர் ரிங் ரோடு என்று ஆரம்பித்து, முதலில் எங்கள் ஊர் வரைக்கும்தான் போட்டார்கள். நானூறு அடி ரோடு என்று ஜனங்களுக்கு அதற்குப் பெயர். அப்போது யாராவது ஊர் பெயரைக் கேட்டால் “ரோடு முடியுற எடம்” என்று சொன்னால் போதும். அப்புறம் மீஞ்சூர் வரை நீண்டு, அந்த அடையாளமும் போயிற்று.

2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல் எல்லாம் சொல்லித்தரப் பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாநிலம் முழுக்க 16,549 பேர். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அதில் நானும் ஒருத்தி. நாற்பது வயதுக்கு மேல் முதல் வேலை. பள்ளிக்குப் போன முதல் நாள், கத்தரிக்காயை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மழை நாள் பாடத்தையே எடுத்தேன். “உங்களுக்குப் பிடிச்ச கதைல வர்ற ஆள்.”

முப்பத்தெட்டு பிள்ளைகள். இருபது சோட்டா பீம், பதினொரு டோரா, நாலு டோரேமான். மிச்ச மூன்றில் ஒன்று பென்ஸ் கார். சுட்டி டிவி வந்த நாளிலிருந்து டோரா புஜ்ஜி இல்லாத ஸ்கூல் பேக் கிடையாது. நெற்றியை மறைக்கும் முடியை ஸ்கேல் வைத்து நேராக வெட்டினாற்போல் போட்டுவிட்டால் டோரா வந்துவிடுவாள். பீமுக்கு வட்டமும் லட்டும் போதும். எல்லாப் படமும் சரியாக இருந்தது, பதினொன்றும் ஒரே டோரா. எனக்குள் மாஸ்டர் எழுந்து நின்றார்: இது டிவி போட்டது, நீ போட்டது எங்கே? கேட்கவில்லை. ஏழாம் வகுப்புக் குழந்தைகளை முதல் நாளே அழவைக்கக் கூடாது.

என் தம்பி சின்ன வயதில் முகம் வரைய ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தான். பூந்தளிரில் வரும் வேட்டைக்கார வேம்புவைத்தான் எப்போதும் வரைவான். வேம்புவின் தொப்பி கண்ணை மூடியிருக்கும். கண் வரைய வேண்டிய வேலையே இல்லை. முகத்தில் கஷ்டமான இடமே அதுதானே. அதை நினைத்துக்கொண்டு வகுப்பில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். கருமணியை மட்டும் யாரும் போடக் கூடாது. எல்லோரும் முடிக்கும்வரை படங்கள் குருட்டுக் கண்ணோடு காத்திருக்கும். கோயிலில் சிலைக்குக் கடைசியில் கண் திறப்பார்கள் அல்லவா, அதுபோல மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, “உங்க ஆள் இப்ப எதைப் பாத்துக்கிட்டு இருக்காங்க? முடிவு பண்ணிட்டுக் கண்ணைத் தெற” என்பேன். அந்தப் பத்து நிமிஷம் மட்டும் வகுப்பில் சத்தம் இருக்காது. எல்லா டோராவும் ஒரே டோராவாக இருந்தும், ஒருத்தி ஜன்னலைப் பார்த்தாள், ஒருத்தி லட்டைப் பார்த்தாள், ஒருத்தி பக்கத்துத் தாளில் இருந்த பீமைப் பார்த்தாள்.

டிவி போடாத முகத்தை வரையவைக்க வழி கிடைத்தது கொரோனாவுக்குப் பிறகு. 2021 கடைசியில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று சாயங்கால வகுப்புகள் ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் பட்டப்படிப்பு முடித்த பெண் ஒருத்தி தன்னார்வலர். இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, “ஆன்ட்டி, ஒன்றரை வருஷமா போனையே பாத்துக்கிட்டு இருந்ததுங்க. அஞ்சு நிமிஷம் ஒக்காரல. வாரத்துல ஒரு நாள் நீங்க டிராயிங் எடுங்களேன்” என்றாள். எங்கள் போர்ட்டிகோவிலேயே வகுப்பு. அத்தை உள்ளே வாசலை ஒட்டிச் சாய்வு நாற்காலியில். பிள்ளைகளுக்கு அவர் ‘ஆயா’.

முதல் நாள் கரண்ட் போய்விட்டது. காட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த படம் எதுவும் தெரியவில்லை. சும்மா இருக்க முடியாமல் கதை சொன்னேன். எங்கள் பக்கத்துக் கதை, அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர் பூசலார் கதை. கையில் காசில்லாத மனுஷன். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை. மனசுக்குள்ளேயே கல் வாங்கி, நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டு, தூண் தூணாக நிறுத்தி, கலசம் வைத்து, கும்பாபிஷேகத்துக்கும் நாள் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ ராஜா கட்டிய நிஜக் கற்கோயிலுக்கும் கும்பாபிஷேகம். சிவன் ராஜாவின் கனவில் வந்து, அன்றைக்கு நான் வர முடியாது, நின்றவூரில் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டும், நீ தேதியை மாற்றிக்கொள் என்கிறார். ராஜா ஓடி வந்து தேடுகிறார். ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை. இப்போது அந்த ஊரில் இருக்கும் கோயிலுக்கு இருதயாலீஸ்வரர் என்று பெயர்.

இருட்டில் ஒரு குரல். “மனசுல கட்டுனதுன்னா அளவெல்லாம் எப்படி மிஸ் தெரியும்?” அதுதானே பாடம் என்று எனக்கு உற்சாகம். “உனக்கு உள்ளே தெளிவாத் தெரிஞ்சா அளவு தானா வரும். நீயும் மொதல்ல மனசுல வரை” என்றேன். அடுத்த வாரம் ஒரு நாலாங்கிளாஸ் வெள்ளைத் தாளை நீட்டினான்.

“என்னடா இது?”

“மனசுல வரஞ்சிட்டேன் மிஸ். மார்க் போடுங்க.”

உள்ளே சாய்வு நாற்காலியில் அத்தை சிரித்த சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. நானும் மனசிலேயே மார்க் போட்டுவிட்டதாகச் சொன்னேன்.

ஆனால் அந்த இருட்டு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. படம் எதுவும் பார்க்காமல், காதால் கேட்டதை மட்டும் வைத்து வரையச் சொன்னால் என்ன? பச்சைத் துணித் தொகுதியின் முதல் பாகத்தை எடுத்து வந்து, படங்கள் இருக்கும் பக்கத்தை விரலால் மறைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் கதை சொன்னேன். கல்கி ஓவியனுக்கு வேலையைச் சுலபமாக்கிய ஆள். நந்தினியையும் குந்தவையையும் எதிரெதிரே நிறுத்தி, ஒருத்திக்கு வட்ட முகம், மற்றவளுக்குச் சற்றே நீண்ட முகம், ஒருத்தி மூக்கு தட்டை, மற்றவள் மூக்கு நீளம், ஒருத்திக்குக் கொண்டை, மற்றவளுக்கு மகுடம் மாதிரிக் கட்டு என்று அளவெடுத்துக் கொடுத்திருப்பார். பெண்பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு கணக்குப் பாடம்போல வரைந்தார்கள். ஆழ்வார்க்கடியானை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. குள்ளம், குண்டு, முன்குடுமி, உடம்பெல்லாம் நாமம், கையில் தடி. யார் வரைந்தாலும் ஆழ்வார்க்கடியான் மாதிரியே இருக்கும், ஆனால் ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இருக்காது. ஒருவன் வரைந்தது அச்சு அசல் எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி. வரைந்தவனுக்கே அது தெரியவில்லை. மற்ற பிள்ளைகள் சிரித்த பிறகு பார்த்துவிட்டுப் பயந்துபோனான், கடன் நோட்டில் அவன் வீட்டுக் கணக்கு இருந்தது.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி பூங்குழலியை எடுத்துக்கொண்டாள். ராத்திரியில் கடலில் தனியாகப் படகு ஓட்டுகிற பெண். எல்லோரும் பெரிய கண்ணாகப் போட, இவள் பாதி மூடிய கண்ணாகப் போட்டாள். கண்ணுக்குக் கீழே பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து நிழல். “ஏம்மா, தூங்குறாளா?” என்றேன். “இல்ல மிஸ். ராத்திரி பூரா படகு ஓட்டுறாங்கல்ல. நைட் ஷிஃப்ட்டு. காலைல அப்படித்தான் இருக்கும்.” அவள் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். காலை ரயிலில் வந்து இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் கட்சி மாறியது அன்றைக்குத்தான். எத்தனை பேர் பூங்குழலியை வரைந்திருக்கிறார்கள்! அவளுக்குத் தூக்கம் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மணியத்துக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அடுத்த வருஷம் செப்டம்பர் கடைசியில் மணிரத்னம் படம் வந்தது. அதன் பிறகு வந்தியத்தேவன் எல்லோருக்கும் கார்த்திதான். படித்துக் காட்டும்போதே, “மிஸ், இந்த சீன் படத்துல வேற மாதிரி” என்றார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம். அத்தைதான் தேற்றினார். “இதென்ன புதுசா? தில்லானா மோகனாம்பாள் விகடன்ல வந்தப்போ கோபுலு ஒரு சண்முகசுந்தரம் போட்டாரு. நாதஸ்வரத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அவ்ளோ ஜோரா இருப்பான். அறுபத்தெட்டுல சிவாஜி வந்தாரு. அப்புறம் கோபுலு போட்டவன் எங்க போனான்னே தெரியல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “வள்ளுவர் மட்டும் தப்பிச்சாரு” என்றார். அதுவும் உண்மைதான். வள்ளுவரை யார் பார்த்தது? வேணுகோபால் சர்மா என்ற ஓவியர் மனசுக்குள் வைத்து வைத்து வரைந்த முகம். 1964-ல் சட்டமன்றத்தில் திறந்துவைத்தார்கள். இன்றைக்கு அரசுப் பேருந்தில் ஏறுகிற எந்தக் குழந்தையும் ஜடாமுடியையும் எழுத்தாணியையும் பார்த்து யார் என்று யோசிப்பதில்லை. கற்பனை முகம் என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

இப்போது வருகிற பிள்ளைகள் ஜப்பான் கார்ட்டூனில் வரும் நருட்டோ என்கிறார்கள், டாஞ்சிரோ என்கிறார்கள். தமிழிலேயே பேசுகிறார்களாம். டாஞ்சிரோவின் நெற்றித் தழும்பு எந்தப் பக்கம் என்று போனில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, கடைசியில் கட்டம் கட்டமாகச் சிதறியதை வரைகிறார்கள். தழும்பு பத்துக்கு எட்டுத் தாளில் தப்பான பக்கம்தான். நான் திட்டுவதில்லை. எண்ணெய்க் காகிதம் வைத்தவள் போனைத் திட்டக் கூடாது. சனிக்கிழமை மட்டும் போனை வாங்கி வாசல் மாடத்தில் வைத்துவிட்டுக் கதை படிக்கிறேன்.

பரணிலிருந்து இறங்கிய அந்தத் தொகுதியைப் போன சனிக்கிழமை பிள்ளைகளிடம் காட்டினேன். குந்தவையின் கன்னத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்க எழுத்தை இடவலமாகப் படிக்கப் போட்டி நடந்தது. தேங்காய் எண்ணெய் வித்தையைச் சொன்னதும் ஆளுக்கு ஒரு தாளோடு வந்துவிட்டார்கள். இந்த முறை ஒரு நாள் காயவைக்க வேண்டும் என்பதை மூன்று தடவை சொன்னேன். கொடியில் துணிக் கிளிப் போட்டுத் தாள்களைத் தொங்கவிட்டோம்.

காய்கிறவரை என்ன செய்வது? எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தியத்தேவனை வரைய ஆசைப்பட்டான். “கார்த்தி இல்லாம” என்று அவனே சொல்லிக்கொண்டான். சிரமம் என்னவென்றால், குந்தவைக்கும் நந்தினிக்கும் அத்தனை அளவு கொடுத்த கல்கி, இவனைக் குதிரையில் ஏற்றி ஓடவிட்டுவிட்டார். நின்று முகம் காட்ட அவனுக்கு நேரம் இல்லை. பையன் முட்டையைப் போட்டு, கண்ணுக்குக் கோடு இழுத்து, மீசையும் வைத்துவிட்டு நின்றான். “மிஸ், அவரு எப்படி இருப்பாரு?”

“ஆயாவைக் கேளு. அவங்க அந்தக் கதை வர்றப்பவே படிச்சவங்க.”

அத்தைக்கு எண்பத்தொன்பது. கண்புரை எடுத்த பிறகும் பார்வை பாதிதான். பையன் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தான். நான் வெளியே மற்ற பிள்ளைகளோடு இருந்தேன். ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது. வழக்கம்போல, அழகா இருப்பான், வீரமா இருப்பான் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“நெத்தி சின்னது. சுருட்டை முடி, எண்ணெ வெச்சாலும் நிக்காது. புருவம் ரெண்டும் கிட்டக் கிட்ட இருக்கும், ஆனா சேராது. சிரிச்சா ஒரு தெத்துப் பல்லு தெரியும். அது தெரியக் கூடாதுன்னு ஒதட்டை மூடிக்கிட்டே சிரிப்பான். அப்பவும் தெரியும்.”

பென்சில் ஓடுகிற சத்தம். ரப்பர் தேய்க்கிற சத்தம்.

அன்றிரவு முதல் பாகத்தைப் புரட்டினேன், அடுத்த நாட்களில் மற்ற பாகங்களையும். மணியத்தின் வந்தியத்தேவன் ஒருவனுக்கும் தெற்றுப் பல் இல்லை. கல்கியும் எங்கும் சொல்லவில்லை.

ஆனால் அது அப்புறம். சனிக்கிழமை சாயங்காலம், கண் திறக்கிற நேரம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கருமணி வைத்துக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்பிரஸ் ஒன்று தடதடத்துப் போனது. பையன் உள்ளிருந்து ஓடி வந்து தாளை நீட்டினான். சுருட்டை முடி, சின்ன நெற்றி, மூடியும் மூடாத உதடு. இதுவரை எந்தப் பத்திரிகையிலும் நான் பார்க்காத ஆள்.

“மிஸ், தெத்துப் பல்லு எந்தப் பக்கம் வெக்கிறது? ஆயா சொல்லல.”

நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலுக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது.

“அவருக்கு எடது. பாக்குற நமக்கு வலது.”